ஏழரை வளைவுப் படம்

ஆறு பத்து வண்டி
அடிவாரச் சோதனைச் சாவடி தாண்டியதும்
கண்டக்டர் சடையப்பன்
விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
மதிப்பெண் போட ஆரம்பிப்பார்.
இருபதுக்கு எத்தனை என்பது அவர் கணக்கு.
இருபது கொண்டை ஊசி வளைவுக்கு மேல்
உலகத்தில் எந்தப் படமும் ஏறாது.

"போன வெள்ளிக்கிழமை வந்தது
பதினொண்ணு வரைக்கும் கியர் மாத்தாம ஏறுதுங்க.
இடைவேளைக்கு அப்புறம் எஞ்சின் சூடாயிருச்சு.
தண்ணி ஊத்தியும் நகரல."
அந்தப் பேய்ப்படம்?
"ஏழரை" என்பார்.
வண்டியே சிரிக்கும்.

வங்கி ரியாஸுக்குக் கொரியத் தொடர்கள்.
மொத மூணு எபிசோடு பல்லைக் கடிச்சுக்கங்க,
நாலாவதுல புடிச்சுக்கும் என்பான்.
மூணு எபிசோடு மூணு மணி நேரம்.
அதுக்குள்ள அரிசியும் உளுந்தும் அரைச்சு
மாவை வழிச்சே வெச்சிருவேனே தம்பி.
சொன்னது நான்தான்,
ஏற்காடு அஞ்சலகத்தில் முத்திரை குத்துகிறவள்.
யாராவது கதை சொன்னால் போதும் எனக்கு.
பாதிப் படங்களை
இந்த ஜன்னலோர இருக்கையில்தான் பார்த்தேன்.

ஜெசிந்தா சிஸ்டர் கதை சொல்லமாட்டார்.
"ஒரு பொண்ணு மழையில
கொடித்துணி எடுக்க ஓடுவா பாருங்க,
ஒரே ஒரு சட்டைய மட்டும் விட்டுட்டு வந்துருவா.
அதுக்காகப் பாருங்க."
பார்த்தேன். படம் முழுக்க இரைச்சல்.
அந்தச் சட்டை மட்டும்
இன்னும் என் வீட்டுக் கொடியில் நனைகிறது.

பதினான்காம் வளைவில் சிக்னல் போய்விடும்.
ஜெசிந்தாவும் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவார்.
சிக்னல் வந்த பிறகுதான் மீதி.
மலை ஏறினால் காது அடைக்கும் சிலருக்கு,
அப்படி ஏதோ என்று நினைத்திருந்தேன்.

மார்கழியில் ஒரு நாள்.
பனிக்குள் எதிர்வண்டியின் விளக்கு மட்டும்
இறங்கி வந்துகொண்டிருந்தது.
யாரோ ஒரு மலையாளப் படத்தின் பேரை எடுத்தார்கள்.
"அது வேணாங்க" என்றார் ஜெசிந்தா.
நல்லா இல்லீங்களா?
"நல்லா இருக்கு. பாக்க வேணாம்."
சடையப்பன்கூட இருபதுக்கு எத்தனை என்று கேட்கவில்லை.

வேண்டாம் என்றதைப் பார்க்காமலிருக்க
நான் என்ன மகானா?
சனிக்கிழமை ராத்திரி, அஸ்தம்பட்டி வீட்டில்,
பையனின் போனைப் பிடுங்கி,
தட்டுவடை செட்டின் சட்னி விரலில் காயக் காயப்
பார்த்தேன்.

பெரிதாக ஒன்றுமில்லை.
ஓர் ஆஸ்பத்திரி, ஒரு நர்ஸ், இரவுப் பணி.
யாருடைய நாடியையோ அவள் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.
மேசைமேல் அவள் போன்
அதிர்ந்து அதிர்ந்து விளிம்புக்கு நகர்கிறது.
வீட்டிலிருந்து.
ஏழு முறை.
விடிந்ததும் பஸ் ஏறுகிறாள்.
அதற்கப்புறம் பெயர்கள் ஓடத் தொடங்கிவிட்டன.

தட்டைக் கழுவினேன்.
கழுவின தட்டையே மறுபடியும் கழுவினேன்.
கைப்பையில் ஒரு நாளும் வைக்காமல்
உள்ளங்கையிலேயே போனை வைத்துக்கொண்டு
மலை ஏறுகிற ஒருத்தர்
பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்,
நாலு வருஷமாக.

திங்கட்கிழமை.
"என்னங்க பாத்தீங்க?" என்றார் சடையப்பன்
என்னிடம்தான்.
எங்கீங்க, மாவரைக்கவே சரியாப் போச்சு.
ஜெசிந்தா ஒரு கணம் என்னைப் பார்த்தார்.
என் முகத்துக்கு எத்தனை மதிப்பெண் போட்டாரோ,
தெரியவில்லை.
பிறகு கீழே வெள்ளைக்கல் குவாரியைப்
பார்த்துக்கொண்டு வந்தார்.
ரியாஸ் எட்டாவது எபிசோடில் இருந்தான்.

"இன்னொரு படம் இருக்குங்க, அதுல ஒருத்தரு..."
பதினான்கு.
நிறுத்தினார்.
நானும் போனைப் பார்த்தேன், அவருடையதை.
ஒரு கோடுமில்லை.
சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாகத்
திரும்பிக்கொண்டிருந்தன.
ஒரு கோடு.
இரண்டு.

"...சைக்கிளுக்குக் காத்தடிப்பாரு பாருங்க,
பஞ்சர்னு தெரிஞ்சும் அடிச்சிட்டே இருப்பாரு.
அதுக்காகப் பாருங்க."